19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேயர்களில் உங்களை அதிகம் கவர்ந்தவர் யார்? ஏன்?

டெட்ராய்ட் மேயர் ஹேசன் பிங்க்ரீ. யாரை நம்பி மேடையேறினாரோ அவர்களையே எதிர்த்து நின்றவர் என்பதால்.

1840இல் மெய்ன் மாநிலத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பஞ்சாலையிலும், பிறகு செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டுபவராகவும் வேலை பார்த்தார். உள்நாட்டுப் போரில் பிடிபட்டு ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அடைபட்டார். அப்புறம் டெட்ராய்ட் வந்து, 1866இல் ஒரு கூட்டாளியோடு காலணி நிறுவனம் தொடங்கிச் செல்வந்தரானார்.

1889இல் குடியரசுக் கட்சிப் பணக்காரர்கள் அவரை மேயர் தேர்தலில் நிறுத்தினார்கள். தொழிலதிபர்தானே, நம் பேச்சைக் கேட்பார் என்ற கணக்கு. அது தப்பியது. 1891இல் டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, படையை அழைக்க மறுத்து, பேசித் தீர்க்கச் சொன்னார். 5 சென்ட் டிராம் கட்டணத்தை 3 சென்ட்டாகக் குறைக்கப் பல ஆண்டுகள் போராடினார். தெருவிளக்குக்கு நகராட்சியே மின்நிலையம் கட்ட வைத்தார். பழைய நண்பர்கள் விலகிப் போனார்கள்; ஏழைகள் மறுபடி மறுபடி ஓட்டுப் போட்டார்கள்.

ஆனால் அவர் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது உருளைக்கிழங்கு. 1893 பொருளாதார நெருக்கடியில் ஆலைகள் மூடி, டெட்ராய்டில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். போலந்திலிருந்து குடியேறியவர்கள் நிலை ரொம்ப மோசம். நகரில் சும்மா கிடந்த மனைகளை உரிமையாளர்களிடம் கேட்டு வாங்கி, வேலை இழந்தவர்கள் பயிர் செய்யட்டும் என்றார் பிங்க்ரீ. பத்திரிகைகள் கேலி செய்தன. தேவாலயங்களில் கேட்ட நன்கொடையும் அற்பமாகவே வந்தது. தன் உயர்சாதிக் குதிரையை ஏலத்தில் விற்று விதைகளுக்கும் கருவிகளுக்கும் பணம் சேர்த்தார். 1894இல் சுமார் 430 ஏக்கரில் 900க்கும் மேற்பட்ட குடும்பங்கள் உருளை, பீன்ஸ், டர்னிப் விளைவித்தன. செலவைவிட விளைச்சலின் மதிப்பு பல மடங்கு. நியூயார்க், பாஸ்டன், சிகாகோ எல்லாம் இதைப் பின்பற்றின. இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்க வைக்காமல், அவர்கள் கையாலேயே விளைவித்துச் சாப்பிட வழி செய்தார் பாருங்கள், எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

1897இல் மிச்சிகன் ஆளுநரானார். மேயர் பதவியையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார், நீதிமன்றம் ஒப்பவில்லை. இதில் நீதிமன்றத்தின் பக்கம்தான் நியாயம் என்பேன். ரயில் நிறுவனங்கள் மற்றவர்களைப் போலவே வரி கட்ட வேண்டும் என்ற அவர் முயற்சிக்கு மாநில செனட் தொடர்ந்து முட்டுக்கட்டை போட்டது. பதவி முடிந்து ஆப்பிரிக்கப் பயணம் போய்த் திரும்பும் வழியில், 1901இல் லண்டனில் இறந்தார். டெட்ராய்ட் கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் இருக்கும் அவர் சிலை மக்கள் நன்கொடையில் எழுந்தது.