உச்சிப்புளியில இருந்து பலாலி எவ்வளவு தூரம், பிளேன்ல எவ்வளவு நேரம் ஆகும்?

கேட்டவரு நம்ம ராமநாதபுரம் பக்கத்து ஆளாத்தான் இருக்கணும், வெளியூர்க்காரனுக்கு உச்சிப்புளியில பிளேன் எறங்குதுன்னே தெரியாது. பலாலின்னா யாழ்ப்பாணத்து ஏர்போர்ட், அங்க சொந்தக்காரங்க யாரும் முடியாம கெடக்காங்களோ என்னமோ.

நேர்கோட்டுல சுமாரா 130 கிலோமீட்டர். ஆனா அது நேவி எடம், 2009ல இருந்து ஐஎன்எஸ் பருந்து, நமக்கெல்லாம் டிக்கெட் கெடையாது. (ரகசியத்த வெளிய விடுறான்னு கெளம்பிராதீங்க, மேப்ல அளந்ததுதான்.) ஒரு பேச்சுக்கு அங்கேருந்து ஏடிஆர், அதான் காத்தாடி வச்ச சின்ன பிளேன், கெளம்புதுன்னே வைங்க, மணிக்கு 500 கிலோமீட்டர்னு வகுத்து 16 நிமிசம்னு சொல்லிராதீங்க. ஏறுறதும் எறங்குறதும்தான் பாதி நேரம், வேகம் பிடிச்ச ஒடனே எறக்க ஆரம்பிச்சிருவாங்க, ரன்வே எந்தப் பக்கம் பாத்திருக்கோ அதுக்குத் தக்கன சுத்தி வேற வரணும். டிக்கெட்ல போட்டிருக்கிறது நின்ன எடத்துலேருந்து நகந்து, அங்க போயி நிக்கிற வரைக்கும் உள்ள நேரம். திருச்சி டு பலாலி 185 கிலோமீட்டர்தான், என் டிக்கெட்ல ஒரு மணி நேரம் போட்டிருந்துச்சு. அதப் பாத்தா உச்சிப்புளிக்கு ஒரு முக்கா மணி நேரம் வைக்கலாம். நான் பைலட் இல்ல, அஞ்சு நிமிசம் முன்னப்பின்ன இருந்தா சண்டைக்கு வராதீங்க.

எனக்கு இதுல ஒரு வயித்தெரிச்சல் இருக்கு. எங்களுக்கு ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். அத்தைய 63ல மன்னாரு பேசாலைக்கு கட்டிக் குடுத்தாங்க, தனுஷ்கோடியில கப்பல் ஏறிப் போச்சு, மறு வருசம் டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே இல்லாம போச்சு. அங்க முனையில நின்னா தலைமன்னாரு 30 கிலோமீட்டர்தான், போன்ல சிலோன் டவர் எடுத்து வெல்கம் மெசேஜ் வரும். அந்த அத்தை 2025ல தவறிப்போச்சு. ராத்திரி போன் வருது, பொறந்த வீட்டுக் கோடி நம்மதான போடணும், அப்பாவால நடக்க முடியாது, அம்மா பீரோவுல இருந்த புதுச்சீலைய ஒரு மஞ்சப்பையில வச்சுக் குடுக்க நான் விடியக்காலம் திருச்சி பஸ் ஏறிட்டேன். பக்கத்து சீட்டு ஆளு எந்த ஊருன்னு கேட்டாரு, ராமநாதபுரம்னேன், "ஓ, தண்ணியில்லாக் காடா"ன்னு சிரிச்சாரு. இந்தப் பேச்ச யாருதான் மொதல்ல கெளப்பி விட்டாய்ங்களோ, ஆபீசர மாத்துறதுன்னா எங்க ஊரு, அதுவே எங்களுக்கு ஒரு பிளேன் கேட்டா மட்டும் ஒங்களுக்கு எதுக்குன்றது. சரி விடுங்க.

வடக்க ஆறு மணி நேரம் பஸ், கெழக்க ஒரு மணி நேரம் பிளேன், மறுபடி தெக்க நாலு மணி நேரம் பஸ். சீட் பெல்ட் லைட்டு அணைஞ்சு கொஞ்ச நேரத்துலயே திரும்ப எரிஞ்சிருச்சு, கீழ கடலு கலங்குன பச்சையா கெடந்துச்சு, அரிசி எறச்ச மாதிரி படகுக. நான் சங்குப்பிட்டி பாலத்துல போயிட்டிருக்கும்போதே மாதா கோயில்ல பூசை முடிஞ்சு அத்தைய எடுத்துட்டாங்க, மச்சான் வீடியோ கால்ல காட்டுறான், பஸ்ஸு குலுங்குறதுல ஒண்ணுந்தெரியல.

நான் போயிச் சேரும்போது மணி எட்டரை. டார்ச் அடிச்சிக்கிட்டு கல்லறைத் தோட்டத்துக்கு கூட்டிட்டுப் போனாங்க, ஈர மண்ணு மேல கோடிய விரிச்சோம், காத்துக்கு பறந்துரும்னு மச்சான் நாலு மூலையிலயும் கல்லு தூக்கி வச்சான்.

நீங்க அவசரமா போகணும்னா திருச்சி டிக்கெட்டே பாருங்க, முந்துன நாள் ராத்திரியே கெளம்பிருங்க.