வாணவேடிக்கையில் எந்த அளவுக் குண்டு எதற்கு? பெரியதுதான் அழகா?

கேள்வி இதுதான்: பெரிய வாணவேடிக்கை நிகழ்ச்சிகளில் 3 இன்ச், 6 இன்ச், 12 இன்ச் ஷெல் என்கிறார்களே, அளவு கூடினால் என்ன மாறுகிறது? எல்லாவற்றையும் பெரியதாகவே விட்டால் என்ன?

விட்டால் பார்க்க வந்தவர்களை ஊருக்கு வெளியே நிற்க வைக்க வேண்டியிருக்கும்! குண்டின் அளவைப் பெரும்பாலும் முடிவு செய்வது கலைஞரின் ஆசையும் இல்லை, பணமும் இல்லை. கீழே எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்பதுதான். வேலை காரணமாக ஜப்பானில் இருக்கிறேன். இங்கே கோடை முழுக்க ஏதாவது ஓர் ஊரில் வாணவேடிக்கை நடந்துகொண்டே இருக்கும். அதனால் எனக்குத் தெரிந்த ஜப்பான் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இது வேலை செய்யும் விதம். நம் ஊர்த் திருவிழாவில் இரும்புக் குழாயை மண்ணில் புதைத்து அவுட் விடுவார்களே, அடிப்படை அதேதான். குழாயின் அடியில் கருமருந்து, அதன் மேல் குண்டு. கருமருந்து எரிந்து குண்டை மேலே தள்ளும்போதே குண்டிலுள்ள திரியும் பற்றிக்கொள்ளும். மேலே போய்ச் சேரும் நேரத்தில் திரி உள்ளே எட்டி, நடுவிலுள்ள வெடிமருந்து குண்டை உடைக்கும். அதைச் சுற்றி அடுக்கியிருக்கும் உருண்டைகள்தான் வண்ண வண்ணமாக எரிகின்றன. சிவகாசியில் மணி மருந்து என்பார்களே, அந்த வகை. 3 இன்ச், 6 இன்ச் என்பதெல்லாம் குழாயின் உள்விட்டம். குண்டு அதில் இறங்க வேண்டும் என்பதால் உண்மையில் கொஞ்சம் சிறியதாகத்தான் இருக்கும்.

ஜப்பானில் அங்குலம் கிடையாது, 'கோ' என்று ஓர் எண் சொல்வார்கள். ஒரு கோ ஏறக்குறைய 3 செ.மீ. ஆக 3 கோ என்பது 9 செ.மீ., 10 கோ என்பது 30 செ.மீ., அதாவது 12 அங்குலத்துக்குப் பக்கம். 3 கோ குண்டு சுமார் 120 மீட்டர் ஏறி 60 மீட்டர் அகலத்துக்கு விரியும். 5 கோ 190 மீட்டர் ஏறி 170 மீட்டர் விரியும். 10 கோ போவது 330 மீட்டர், விரிவது 320 மீட்டர். 3 கோவிலிருந்து 10 கோவுக்கு விட்டம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கூடியிருக்கிறது. ஆனால் உருண்டை என்பதால் கொள்ளளவு 37 மடங்கு. ஒரு 10 கோ குண்டு எட்டரை கிலோ வரை வரும். திரி அணைந்துபோய் வெடிக்காமல் அது அப்படியே கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், ஏன் இவ்வளவு தூரம் கேட்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

அமெரிக்காவில் இதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் தரவிதி ஒன்று உண்டு. குழாய் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி தள்ளிக் கூட்டம் நிற்க வேண்டும். 3 அங்குலத்துக்கு 210 அடி போதும். 12 அங்குலம் என்றால் 840 அடி, கால் கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நாலாபுறமும். நகரத்துக்கு நடுவில் அப்படி ஓர் இடம் எங்கே கிடைக்கும்? அதனால்தான் பல நகரங்களில் ஆற்றிலோ துறைமுகத்திலோ மிதவைகளை நிறுத்தி அங்கிருந்து விடுகிறார்கள்.

டோக்கியோவின் சுமிதா ஆற்று வாணவேடிக்கை நல்ல உதாரணம். ஜூலை கடைசிச் சனிக்கிழமை, சுமார் 20,000 வாணங்கள். உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். ஆனால் இருபுறமும் கட்டடங்கள் நெருக்கி நிற்பதால் அங்கே விடும் மிகப்பெரிய குண்டே 5 கோதான். சின்னக் குண்டுகளை அடுக்கடுக்காக, இடைவெளி விடாமல் விட்டு வானத்தை நிரப்புகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் திகட்டும். கூட்டம் வேறு, அதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, இடம் தாராளமாக இருந்தால் 10 கோ எதற்குப் பயன்படும்? இதற்கு அகிதா மாநிலத்து ஒமகாரிக்குத்தான் போக வேண்டும். 1910-இல் தொடங்கிய போட்டி அங்கே ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை நடக்கிறது. சுற்றிலும் வயல், நடுவே ஒமோனோ ஆறு, இடத்துக்குப் பஞ்சமே இல்லை. போட்டியாளர்கள் 10 கோ குண்டுகளைத் தனித்தனியாக விட்டுக் காட்டுவார்கள். நடுவர்கள் பார்ப்பது பிரம்மாண்டத்தை இல்லை. குண்டு மேலே ஏறி, நின்று, விழத் தொடங்கும் முன் சரியாக அந்தக் கணத்தில் உடைந்ததா? வட்டம் கோணாமல் இருக்கிறதா? எல்லா உருண்டைகளும் ஒரே நேரத்தில் நிறம் மாறி, ஒரே நேரத்தில் அணைந்தனவா? ஒன்றிரண்டு மட்டும் பின்தங்கி மினுக்கினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகள்கூட உச்சுக் கொட்டுகிறார்கள்.

அளவு உண்மையிலேயே உதவுவது இங்கேதான். ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், அதற்குள் இன்னொன்று என்று நாலைந்து அடுக்காக விரியும் பூக்கள் உண்டு. அதற்குக் குண்டுக்குள் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக வைத்து, நடுவே காகிதம் கொடுத்து, வெடிமருந்தை அளந்து நிரப்ப வேண்டும். வெடிமருந்தையே உமியின் மேலோ பருத்தி விதையின் மேலோ பூசி உருண்டையாக்கித்தான் போடுகிறார்கள். 3 கோ குண்டுக்குள் இதற்கெல்லாம் இடமில்லை. அதில் ஒரே நிறத்தில் ஒரு பூ, மிஞ்சிப்போனால் நடுவில் ஒரு பொட்டு. ஆக, பெரிய குண்டின் மதிப்பு அதற்குள் நடக்கும் கைவேலையில் இருக்கிறது. இவ்வளவு வேலை செய்த ஒன்றை நூறு குண்டுகளுக்கு நடுவே விட்டால் யார் கண்ணில் படும்?

இதற்கு நேர்மாறானது நீகாதா மாநிலத்து நாகாஓகா, ஆகஸ்ட் 2, 3. ஷினானோ ஆற்றங்கரை. 1945 ஆகஸ்ட் 1 இரவு நடந்த விமானக் குண்டுவீச்சில் அந்த நகரம் பெரும்பகுதி எரிந்து, ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகவும் நடக்கும் விழா இது. முதலில் விடுவது வெள்ளை நிறப் பூக்களை மட்டுமே. இங்கே 10 கோ குண்டு சர்வசாதாரணம், ஒரு கட்டத்தில் நூறு 10 கோக்களைத் தொடர்ச்சியாக விடுகிறார்கள். அதையும் தாண்டி 30 கோ உண்டு: 90 செ.மீ. விட்டம், 300 கிலோ, 600 மீட்டர் உயரம், 650 மீட்டர் அகலம். விடுவதற்கு முன் சைரன் ஒலிக்கும். வெளிச்சம் வந்து இரண்டு விநாடி கழித்துத்தான் சத்தம் வரும், அது காதைவிட நெஞ்சில்தான் தெரியும்.

அதே மாநிலத்தில் கதகாய் என்று சிறிய ஊர். செப்டம்பர் 9, 10 கோயில் திருவிழாவில் 40 கோ விடுகிறார்கள், 420 கிலோ, 800 மீட்டர் விரியும். அங்கே குழந்தை பிறந்தால், அறுபது வயதானால், அப்பா இறந்த வருடம் என்றால், ஊர்க்காரர்கள் காசு போட்டுக் கோயிலுக்குக் குண்டு நேர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொன்றையும் விடும் முன் யார், எதற்காக என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது கதகாய்தான்.

இதையும் மிஞ்சியது 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் விட்ட குண்டு: 62 அங்குலம், 1,268 கிலோ, கின்னஸ் சாதனை. அதற்கு முந்தைய வருட முயற்சியில் குண்டு குழாயை விட்டு வெளியே வருமுன்னே வெடித்துவிட்டது. சாதனை சரிதான், ஆனால் நிகழ்ச்சி அமைப்பவர் யாரும் அதைப் பார்த்துத் திட்டம் போட மாட்டார்கள்.

இசையோடு சேர்த்து விடும் வழக்கமான வாணவேடிக்கை ஒன்றில் வேலையில் பெரும்பங்கு 3, 4, 5 அங்குலக் குண்டுகளுடையது. தரையோரம் பெட்டி பெட்டியாகச் சிறு ஷாட்கள், அதற்கு மேல் இவை, பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் 6 அல்லது 8. இசையோடு சேர்ப்பதில் ஒரு சிக்கல், 3 அங்குலக் குண்டு இரண்டரை விநாடி அளவில் மேலே போய் வெடிக்கும், 12 அங்குலத்துக்கு ஆறு விநாடிபோல ஆகும். ஒரே தாளத்தில் இரண்டும் விரிய வேண்டுமானால் பெரியதை முன்கூட்டியே விட வேண்டும். கணினி வழி மின்பொறி கொடுப்பதால் இப்போது இது முடிகிறது.

அப்புறம், போக்குவரத்து விதி. ஐ.நா. வகைப்பாட்டில் 180 மி.மீ. அளவோ அதற்கு மேலோ உள்ள குண்டுகள், சோதனையில் வேறு விதமாக நிரூபிக்காத வரை, ஒன்று வெடித்தால் மொத்தச் சரக்கும் ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடிய பிரிவில் வரும். அதாவது 6 அங்குலத்தைத் தாண்டி 8-க்குப் போனாலே கிடங்கு, வண்டி என்று எல்லாம் வேறு கணக்கு. நிறைய நிகழ்ச்சிகள் 6 அங்குலத்தோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜப்பான் வருகிறீர்கள், ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் கதகாய்க்கே ஓட்டுப் போடுவேன். 40 கோ விடுவது இரவு 10 மணி வாக்கில், அதனால் திரும்பும் ரயிலுக்கு வழி பார்த்துக்கொண்டு போங்கள். விடும் இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்தால் முழு வட்டமும் கண்ணுக்குள் அடங்காது, கழுத்துதான் வலிக்கும்.