பழைய கிருமிச் சேகரிப்புகளும் மருந்து எதிர்ப்பும்: கேள்வி பதில்

கேள்வி: பென்சிலின் வருமுன்பே அதற்கு மசியாத கிருமி இருந்ததாமே, நம்பலாமா?

பதில்: நம்பலாம். முதல் உலகப்போரில் வயிற்றுக்கடுப்பால் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரிடமிருந்து 1915-ல் எடுத்த ஷிகெல்லா என்ற வயிற்றுக்கடுப்புக் கிருமி, பிரிட்டனின் தேசியச் சேகரிப்பில் முதல் எண்ணுடன் இன்றும் இருக்கிறது. பென்சிலினுக்கும் எரித்ரோமைசின் என்ற மற்றொரு கிருமிக்கொல்லி மருந்துக்கும் அது அடங்குவதில்லை. ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டதோ 1928-ல். இதை வைத்துக்கொண்டு மருந்தின்மேல் பழியே இல்லை என்று கிளம்பிவிடாதீர்கள். இத்தகைய குடல் கிருமிகளின் வெளிச்சவ்வு இந்த மருந்துகளை எளிதில் உள்ளே விடாது. பிறவித் தன்மை வேறு, பிற கிருமியிடமிருந்து பெற்ற எதிர்ப்பு வேறு.

கேள்வி: அந்த இரண்டாவது வகை எப்போது பரவியது?

பதில்: முர்ரே என்பவர் 1917 முதல் 1954 வரை சேர்த்த குடல் கிருமிகளில் 433-ஐ ஹியூஸ், தத்தா என்ற ஆய்வாளர்கள் சோதித்து 1983-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய கால்வாசியில், ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட்கள் என்ற சிறு டிஎன்ஏ வளையங்கள் இருந்தன. அவற்றில் எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லை. வண்டி அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. சரக்கை ஏற்றியது நமது மருந்துப் பயன்பாடு. என்னைக் கேட்டால், இத்துறையின் மிக அழகான சோதனை இதுதான்.

கேள்வி: எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி, அந்த மருந்தால் வந்ததுதானே?

பதில்: அப்படித்தான் வெகுகாலம் நினைத்தோம். பென்சிலின் வகை மருந்தான மெத்திசிலின் புழக்கத்துக்கு வந்தது 1959-ல். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அதற்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் பிடிபட்டது. சேமித்து வைத்திருந்த பழைய கிருமிகளின் மரபணுத் தொடரைப் படித்தபோது, எதிர்ப்பு மரபணு 1940-களின் நடுவிலேயே நுழைந்துவிட்டது தெரிந்தது. பென்சிலினை அள்ளிக் கொடுத்ததே அதை வளர்த்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

கேள்வி: இந்தப் பழைய கிருமிகள் இத்தனை ஆண்டுகள் எப்படி உயிரோடு இருக்கின்றன?

பதில்: உறையவைத்து உலர்த்தி, காற்றை வெளியேற்றிக் கண்ணாடிக் குப்பியில் அடைப்பார்கள். திறக்கும்போது கழுத்தில் அரத்தால் கீறி, பஞ்சைச் சுற்றி உடைக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பாயும் காற்றில் பொடி பறந்துவிடும். பிறகு சில துளி ஊட்டத்திரவம். பல கிருமிகள் மறுநாளே முளைத்துவிடும்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்திலும் பழைய குழாய்கள் கிடக்கின்றன. பயன்படுமா, சார்?

பதில்: முதலில் சீட்டைப் பாருங்கள். ஆண்டும், எந்த மாதிரியிலிருந்து எடுத்தது என்பதும் இல்லாவிட்டால் பயன் குறைவு. திரும்பத் திரும்ப வளர்த்தால் பிளாஸ்மிட் உதிர்ந்துபோகலாம். ஆகவே ஒரு பகுதியைக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட்டுச் சோதியுங்கள். சோதனை முடிவை வைத்து அந்தக் காலத்தில் எதிர்ப்பு எத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விசித்திரமானவற்றைத்தான் பெரும்பாலும் எடுத்துவைத்திருப்பார்கள். சாதாரணமானவை அன்றே கழுவப்பட்டிருக்கும்.