கார்ல குழந்தைக்கு தனி சீட் போடலன்னா ஃபைன்னு சட்டம் போடறது சரியா? அது பெத்தவங்க முடிவு இல்லையா?

சட்டம் வேணும்ங்கறதுதான் என் பதில். நான் பொறந்தது கிருஷ்ணகிரி, கட்டிக் கொடுத்தது தர்மபுரி டவுன், கைக்குழந்தையோட இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல கார்ல போய் வந்துட்டே இருக்கறவ, அதனால இதுல எனக்கு சொல்ல நெறைய இருக்கு.

கேள்வி கேட்டவர் "என் புள்ளைய எப்படி பத்திரமா கூட்டிட்டுப் போறதுன்னு எனக்குத் தெரியாதா, இதுல கவர்மெண்டுக்கு என்ன வேலை"ன்னு கேட்டிருக்கார். முதல்ல சட்டம் உண்மையில என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம், ஏன்னா கீழ பதில் எழுதுன பாதி பேரு அதை படிக்காமலே சண்டை போடறாங்க. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்த திருத்துனப்ப 194பி-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. 14 வயசு ஆகாத குழந்தை கார்ல இருந்தா ஒண்ணு சீட் பெல்ட் போட்டிருக்கணும், இல்ல குழந்தைக்கான தனி சீட்ல (கார் சீட்டு மேல மாட்டி, அதுல குழந்தைய பெல்ட்டால கட்டி உக்கார வெக்கறது) இருக்கணும், ரெண்டும் இல்லன்னா 1000 ரூபா அபராதம். அவ்ளோதான். எந்த வயசு வரைக்கும் எந்த சீட்டு, எத்தன சென்டிமீட்டர் ஒயரம் வரைக்கும்னு அதுல ஒண்ணும் இல்ல. ஜெர்மனில 12 வயசு இல்ல 150 செ.மீ. வரைக்கும், இங்கிலாந்துல 12 வயசு இல்ல 135 செ.மீ. வரைக்கும்னு தெளிவா வெச்சிருக்காங்க, நம்ம சட்டம் அந்த அளவுக்குக்கூட கறார் கெடையாது.

கேரளால 2024 அக்டோபர்ல போக்குவரத்து கமிஷனர், நாலு வயசுக்குக் கீழ இருந்தா பின்சீட்ல தனி சீட்டு, அதுக்கு மேல 135 செ.மீ. வரைக்கும் பூஸ்டர் (கார் பெல்ட் சரியா பொருந்தற மாதிரி குழந்தைய ஒசத்தி உக்கார வெக்கற சீட்டு), டிசம்பர்ல இருந்து ஃபைன்னு அறிவிச்சாரு, ஜனங்க எதிர்ப்பு கெளம்பவும் அமைச்சர் கணேஷ்குமார் இப்போதைக்கு அபராதமெல்லாம் இல்லைன்னு சொல்லிட்டாரு. அப்பவும் எல்லாரும் பேசுனது இதே "பெத்தவங்க முடிவு"தான்.

எனக்கு அந்த வார்த்தை மேலதான் கோவம். நம்ம பக்கம் குழந்தை கார்ல எங்க உக்காரும்னு பெத்தவங்க எப்ப முடிவு பண்ணாங்க? தலைப்பிரசவம் அம்மா வீட்ல, அப்பறம் அஞ்சாம் மாசமோ ஏழாம் மாசமோ புருஷன் வீட்லருந்து பத்து பேரு வந்து சீர் சாமானோட கூட்டிட்டுப் போவாங்க, அன்னைக்கு ரெண்டு கார் வரும், யார் எந்த கார்ல, குழந்தை யார் மடியிலன்னு பெரியவங்கதான் சொல்லுவாங்க. பெரும்பாலும் முன்சீட்லதான், ஏன்னா அங்கதான் ஏசி நல்லா வரும், கால் நீட்டிக்கலாம், வீட்லயே மூத்தவங்களுக்கு அதுதான் மரியாதை. பெத்தவ பின்னாடி பாத்திரத்துக்கும் பைக்கும் நடுவுல இருப்பா. அவ வாயத் திறந்து "அத்தை, பாப்பாவ அந்த சீட்ல போட்டுடலாம்"னு சொன்னா, "நாங்க எல்லாம் புள்ள வளக்கலயா, கட்டிப் போட்டா புள்ளைக்கு மூச்சு முட்டாதா"ன்னு ஒரு பேச்சு வரும், அந்தப் பேச்சு கார்லயே முடியாது, அடுத்த விசேஷம் வரைக்கும் ஓடும். இருபத்தி நாலு இருபத்தஞ்சு வயசு பொண்ணு எத்தன தடவ அதை எதுத்து நிப்பா? அவளுக்கு "போலீஸ் புடிக்கறாங்க அத்தை, ஆயிரம் ரூபா கேக்கறாங்க"ன்னு சொல்ல ஒரு வழி வேணும். ஹெல்மெட் விஷயத்துல நான் கண்ணால பாத்தேன், எங்க அம்மா எத்தன வருஷம் சொல்லியும் தலையில வெக்காத எங்க அப்பா, ரவுண்டானால கேஸ் போட ஆரம்பிச்சதும் வாங்கி மாட்டிக்கிட்டாரு, எங்க அம்மாவுக்கு அதுக்கப்பறம் கெஞ்ச வேண்டிய தேவையே இல்லாம போச்சு.

மடியில வெச்சிருக்கறது அன்பு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா கணக்க பாருங்க. 50 கிலோமீட்டர் வேகத்துல போற கார் எதையாவது இடிச்சு அரை மீட்டர் தூரத்துக்குள்ள நின்னுச்சுன்னா, 10 கிலோ குழந்தை அந்த நொடியில கிட்டத்தட்ட 200 கிலோ கனத்தோட முன்னாடி இழுக்கும். 200 கிலோவ எந்தப் பாட்டியாலயும், எந்த பயில்வான் அப்பனாலயும் புடிக்க முடியாது. அதுவும் முன்சீட்ன்னா இன்னொண்ணு இருக்கு. 2022-ல இருந்து வர்ற எல்லா புது கார்லயும் முன்னாடி உக்காரறவங்களுக்கும் ஏர்பேக் கட்டாயம். வயசானவங்க நெஞ்சுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல குழந்தை இருந்தா, பெரியவங்கள காப்பாத்த கண்ணிமைக்கற நேரத்துல வெடிச்சு விரியற அந்த பை மொதல்ல அடிக்கறது குழந்தையோட தலையத்தான்.

"நான் மெதுவாத்தான் ஓட்டுவேன், எனக்கு இருபது வருஷ அனுபவம்"னு சொல்றவங்க தொப்பூர் கணவாய நெனச்சுப் பாக்கணும். அங்க தர்மபுரி பக்கத்துலருந்து சேலத்துக்கு எறங்கறப்ப நீங்க நாப்பதுல போலாம், உங்க பின்னாடி டன் கணக்குல லோடு ஏத்திட்டு எறக்கத்துல பிரேக் புடிக்காம வர்ற லாரிக்கு உங்க அனுபவம் தெரியாது. அந்த எடத்துல எத்தன விபத்து நடந்திருக்குன்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல, 2024 ஜனவரில வண்டிங்க ஒண்ணோட ஒண்ணு மோதி தீப்புடிச்சு எரிஞ்ச வீடியோ எல்லார் போன்லயும் வந்துச்சு. சூளகிரி ஓசூர் பக்கமும் அதே 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலைதான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூர்லருந்து ஊருக்கு வர்ற கார் எல்லாத்துலயும் ஒரு குழந்தை முன் ரெண்டு சீட்டுக்கு நடுவுல எழுந்து நின்னுட்டு வரும், பாத்திருப்பீங்க.

இந்த சட்டம் எங்க ஆரம்பிச்சதுன்னு படிச்சப்ப ஒரு விஷயம் எனக்கு அப்படியே நம்ம வீடு மாதிரி இருந்துச்சு. அமெரிக்கால டென்னசி மாநிலத்துலதான் மொதல்ல, ராபர்ட் சாண்டர்ஸ்ன்னு ஒரு குழந்தை டாக்டர் விடாம போராடி, 1978-ல அமலுக்கு வந்துச்சு. ஆனா சட்டசபையில அதை நிறைவேத்தறப்ப ஒரு விலக்கு சேத்துட்டாங்க, பெரியவங்க கையில குழந்தைய வெச்சிருந்தா சீட்டு தேவையில்லைன்னு! அங்கயும் "அம்மா மடிய விட பாதுகாப்பு எது"ன்னுதான் கேட்டிருக்காங்க. 1981-ல அந்த விலக்க எடுத்துட்டாங்க. 1985-க்குள்ள அமெரிக்காவுல எல்லா மாநிலத்துலயும் சட்டம் வந்துருச்சு. அந்த நாட்டு சாலைப் பாதுகாப்பு துறை சொல்ற கணக்குப்படி, சரியா மாட்டுன சீட்ல இருந்தா கார் விபத்துல ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தை சாகற ஆபத்து 71 சதவீதமும், ஒண்ணுலருந்து நாலு வயசு குழந்தைக்கு 54 சதவீதமும் குறையுது.

எதிர்க்கறவங்க ஸ்டீவன் லெவிட்ங்கற பொருளாதார நிபுணர காட்டுவாங்க, ரெண்டு வயசுக்கு மேல சாவத் தடுக்கறதுல தனி சீட்டும் சாதா சீட் பெல்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு அவர் சொன்னது நெஜம். அதை மறுத்து, பூஸ்டர்ல உக்கார வெச்சா அடிபடறது குறையுதுன்னு வேற ஆராய்ச்சிங்களும் இருக்கு, ஏன்னா பெரியவங்க பெல்ட் சின்னக் குழந்தைக்கு தோள்ல நிக்காம கழுத்துல ஏறும், இடுப்பு எலும்புல நிக்காம வயித்துல ஏறும். ஆனா கவனிங்க, லெவிட்டே ஒப்பிட்டது சீட்டையும் பெல்ட்டையும்தான். மடியில வெச்சுக்கலாம்னு அவர் எங்கயும் சொல்லல. நம்ம ஊர்ல நடக்கறது மடிதான், பெல்ட்டே கெடையாது.

இன்னொண்ணும் சொல்லணும். இப்ப எல்லாரும் அஞ்சு ஸ்டார் கார்தான் வாங்கணும்னு தேடறாங்க, நல்ல விஷயம். 2023 அக்டோபர்லருந்து பாரத் என்கேப்ல, அதாவது கார இடிச்சுப் பாத்து பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கற நம்ம நாட்டு திட்டத்துல, பெரியவங்களுக்கு தனி ஸ்டார், குழந்தைக்கு தனி ஸ்டார் குடுக்கறாங்க. அந்த குழந்தை ஸ்டார் எப்படி வருதுன்னா, ஒன்றரை வயசு, மூணு வயசு அளவு பொம்மைய குழந்தை சீட்ல கட்டி வெச்சுத்தான் கார இடிக்கறாங்க. பன்னெண்டு லட்சம் குடுத்து அந்த ஸ்டார வாங்கிட்டு சீட்டு வாங்கலன்னா அந்த ஸ்டார் உங்க புள்ளைக்கு இல்ல.

காசு பிரச்சனைன்னு சொல்றவங்கள நான் தப்பு சொல்ல மாட்டேன். நாலஞ்சாயிரத்துல ஆரம்பிச்சு இருபதாயிரத்துக்கு மேல போகுது, அதுவும் குழந்தை வளர வளர மாத்தணும். கார் வெச்சிருக்கறவங்களால பெரும்பாலும் முடியும், பேர் வெக்கற விழாவுக்கு மண்டபம் புடிக்கற காசுல ஒரு பங்குதான், மாமன் சீர்ல அந்த வெள்ளி கொலுசோட இதையும் சேத்துக்கலாம். ஆனா முடியாதவங்களும் உண்டு, பழைய கார செகண்ட்ஸ்ல வாங்கி அதுலதான் மாங்கா கூடையும் ஏத்தறவங்க காவேரிப்பட்டணம் பக்கம் எத்தன பேரு. அவங்ககிட்ட எடுத்தவுடனே ஆயிரம் ரூபா புடுங்கறது எனக்கு உடன்பாடில்ல. அரசு ஆஸ்பத்திரில பிரசவம் முடிஞ்சு போறப்ப சீட்ட கொறஞ்ச வாடகைக்கு குடுக்கலாம், வளர்ந்ததும் திருப்பிக் குடுத்துட்டு அடுத்த அளவு வாங்கிக்கட்டும். பைக்ல போற குடும்பத்துக்கும் 2022-ல ரூல் வந்துருக்கு, ஒம்பது மாசத்துலருந்து நாலு வயசு வரைக்கும் குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டறவங்களோட சேத்துக் கட்டற பெல்ட், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது. அந்த சைஸ் ஹெல்மெட் நம்ம ஊர் கடையில சுலபமா கெடைக்க வெச்சிட்டு அப்பறம் ஃபைன் போடுங்கன்னுதான் நான் கேக்கறேன்.

"குழந்தை அழுவுது"ங்கறதுக்கு என் அனுபவம் சொல்றேன். அழத்தான் செய்யும். எங்க பாப்பா ஆரம்பத்துல கிருஷ்ணகிரி தாண்டி ஹைவே ஏறறவரைக்கும் கத்தும், அப்பறம் தூங்கிடும், இப்ப அதுவே ஏறி உக்காந்து பெல்ட்ட காட்டுது. சித்திரை வெயில்ல நிறுத்துன கார்ல அந்த பக்கிள் இரும்பு தொட முடியாத அளவுக்கு சுடும், அதனால எறங்கறப்பவே சீட்டு மேல ஒரு வெள்ளத் துண்டு போட்டுட்டு எறங்குவேன். மாட்டறப்ப சீட்டு மேல முட்டிய வெச்சு அழுத்திட்டே கார் பெல்ட்ட இழுத்து லாக் பண்ணணும், பெல்ட் போற எடத்துல புடிச்சு ஆட்டிப் பாத்தா ஒரு இஞ்சுக்கு மேல ஆடக்கூடாது. குழந்தைய கட்டுனப்பறம் தோள்கிட்ட பெல்ட்ட ரெண்டு விரலால கிள்ளிப் பாருங்க, மடிப்பு வந்தா இன்னும் லூசா இருக்குன்னு அர்த்தம். பதினஞ்சு மாசம் வரைக்குமாவது பின்பக்கம் பாத்தமாதிரி வையுங்க, அந்த வயசுல தலை கனம், கழுத்து தாங்காது. ஏர்பேக் இருக்கற முன்சீட்ல மட்டும் அப்படி வெச்சிடாதீங்க.

இதெல்லாம் சொந்த கார்ல. வாடகை கார்ல போறப்பதான் எனக்கு ஆத்திரமே வரும். ஒரு தடவ சேலத்துக்கு கல்யாணத்துக்குப் போக டிராவல்ஸ் கார் சொன்னோம், சீட்ட தூக்கிட்டு போய் மாட்டலாம்னு பாத்தா பின்சீட்ல பெல்ட் தொங்குது, அதை மாட்டற பக்கிளயே காணோம். பளபளன்னு ஒரு ரெக்சின் சீட் கவர் போட்டு மூணு பக்கிளயும் அடியில போட்டு தச்சு மூடிட்டாங்க. டிரைவர் அண்ணன் பாவம், "யாரும் கேக்கறதில்லம்மா"ன்னு சொல்லிட்டே பிளேடு எடுத்து ஓரமா கவர கிழிச்சு ஒரு பக்கிள வெளிய எடுத்துக் குடுத்தாரு, அதுல தொப்பூர் தாண்டுனோம். அதனால சட்டம் சரியா தப்பான்னு கேட்டா, வேணும், ஆனா ரோட்ல நிறுத்தி ஃபைன் போடறதுல ஆரம்பிக்க வேணாம். இங்கிலாந்துலகூட டாக்சில சீட்டு இல்லன்னா விலக்கு இருக்கு, நம்ம டாக்சிக்காரரும் சீட்டு வெச்சிருக்கணும்னு நான் கேக்கல. வாடகைக்கு ஓடற மஞ்ச போர்டு வண்டிய எஃப்சிக்கு, அதாவது ஓடத் தகுதியா இருக்குன்னு சான்றிதழ் வாங்க, காட்டறப்ப, ஆர்டிஓ ஆபீஸ்ல பின்கதவ தொறந்து மூணு பக்கிளும் வெளிய தெரியுதான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க, நாளைக்கே செய்யலாம், இதுக்கு புது சட்டமும் தேவையில்ல.