பென்னி ஃபார்திங்: வாடகைக் கணக்கு அல்ல

கேள்வி: பெரிய முன்சக்கரமும் குட்டிப் பின்சக்கரமும் கொண்ட பழைய சைக்கிளுக்கு ‘பென்னி ஃபார்திங்’ என்று ஏன் பெயர் வந்தது? ஒரு மணி நேரத்துக்கு ஒரு பென்னியும் ஒரு ஃபார்திங்கும் வாடகை வாங்கியதால்தான் என்கிறார் என் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வது தவறு. பெயருக்கும் வாடகைக்கும் சம்பந்தமே இல்லை. பென்னியும் ஃபார்திங்கும் இங்கிலாந்தின் அந்தக் கால நாணயங்கள். அப்போது நான்கு ஃபார்திங் சேர்ந்தால் ஒரு பென்னி. நம் அணாவும் காலணாவும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்னி பெரிய வட்டம், ஃபார்திங் சின்ன வட்டம். இரண்டையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள், அந்தச் சைக்கிளைப் பக்கவாட்டில் பார்த்தது போலவே இருக்கும்.

ஆனால் 1870களில் அதை ஓட்டியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது வெறும் ‘பைசிக்கிள்’தான். 1885இல் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலி பூட்டி, ஏறக்குறைய சம அளவுச் சக்கரங்களோடு ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். அந்த மாதிரி வண்டிக்கு ‘சேஃப்டி’ என்று பெயர். அதிலிருந்து பிரித்துச் சொல்ல, பழையதை ‘ஆர்டினரி’ என்றார்கள். செல்போன் வந்த பிறகுதானே நாமும் வீட்டு போனை ‘லேண்ட்லைன்’ என்று சொல்லத் தொடங்கினோம்? ‘பென்னி ஃபார்திங்’ என்ற சொல் அச்சில் தென்படுவதோ 1891 வாக்கில்தான், வண்டியின் காலம் முடிகிற நேரத்தில்.

இந்தப் பெயரால் ஒரு கெடுதலும் நடந்திருக்கிறது. அந்தச் சைக்கிளை ஏதோ வேடிக்கைப் பொருளாகப் பார்க்கிறோம். அது நியாயமில்லை. அதில் சங்கிலி கிடையாது, பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவது தவிர வேறு வழியில்லை. 52 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு சுற்றுக்கு நாலு மீட்டருக்கு மேல் போகும். அதற்கும் கால் எட்ட வேண்டுமே! அதனால் சட்டைக்கு அளவெடுப்பது போல, ஓட்டுபவரின் கால் நீளத்தைப் பார்த்துத்தான் சக்கரம் வாங்கினார்கள். சின்னக் கல் தடுக்கினாலும் தலைகுப்புற விழவேண்டியதுதான். அப்படி இருந்தும் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884இல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, உலகத்தையே சுற்றி வந்தார். 1886இல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் கிராண்ட் டிரங்க் சாலையிலும் அந்தப் பெரிய சக்கரம் உருண்டிருக்கிறது. இதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.