சிப்பி பொறுக்கும் பையனுக்கு என்ன வேலை கிடைக்கும்?

அம்மா, வணக்கம். பிளஸ் டூ படிக்கிற மகன் லீவு விட்டால் கடற்கரையே கதி என்று சிப்பி பொறுக்குகிறான், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான்.

லண்டனில் லோவல் ரீவ் என்று ஒருவர் இருந்தார். 1814-இல் பிறந்தவர். 13 வயதில் மளிகைக் கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அந்த நாட்களில் தற்செயலாகக் கொஞ்சம் சிப்பிகளை விலைக்கு வாங்கினார். அந்தப் பித்து கடைசிவரை விடவில்லை. 1841-42-இல் வந்த முதல் புத்தகத்திலேயே கைப்பணம் பெரும்பாலும் கரைந்துபோனது. பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் இடம் இது. ஆனால் அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள். டச்சு ஆளுநர் ஒருவர் சேர்த்துவைத்திருந்த சிப்பிகளை ராட்டர்டாமில் வாங்கி விற்று லாபம் பார்த்தார். நண்பர்களும் கைகொடுக்க, லண்டனில் ஸ்ட்ராண்ட் என்ற தெருப் பக்கம் ஒரு கடை போட்டார். சிப்பியும் விற்றார், புத்தகமும் பதிப்பித்தார். அப்புறம் தாவரவியல் நூல்களும் வெளியிட்டார். 1843-இல் அவர் தொடங்கிய, கையால் வண்ணம் தீட்டிய படங்கள் கொண்ட ‘காங்காலஜியா ஐகானிகா’ என்ற சிப்பி நூல் 20 தொகுதிகளாக வளர்ந்தது. 1865-இல் அவர் இறந்தபின் சோவர்பி என்ற ஓவியர் அதை முடித்துக்கொடுத்தார்.

ஆசை மட்டும் அவருக்குச் சோறு போடவில்லை, வியாபாரமும் அச்சுத் தொழிலும் தெரிந்திருந்ததால் பிழைத்தார். உங்கள் மகனுக்கும் அப்படி ஒரு கைத்தொழில் வேண்டும். படம் வரைவதோ, போட்டோ எடுப்பதோ, கணினியில் தரவு கையாள்வதோ, எது வருகிறதோ அதைப் பழகட்டும்.

படிப்புக்கு என் முதல் யோசனை மீன்வளப் பட்டப்படிப்பு, பி.எஃப்.எஸ்சி. தூத்துக்குடியிலேயே கல்லூரி இருக்கிறது. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை. கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையத்தில் கடல் உயிரியல் முதுகலைக்கு முயலலாம்.

ஒரு வேலையை மட்டும் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிப்பிக்கும் சின்னச் சீட்டு ஒன்று: எந்தக் கரை, என்ன தேதி, மணலிலா பாறையிலா, உயிரோடா வெறும் ஓடா. இடம் எழுதாத சிப்பி ஆராய்ச்சிக்கு அதிகம் உதவாது. உயிருள்ளதை எடுக்க வேண்டாம். சில இனங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன; அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குவதும் விற்பதும் கூடவே கூடாது.

மதிப்பெண் வந்ததும் எழுதுங்கள், எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.