ஒரே ஸ்கேன், மூன்று டாக்டர், மூன்று பதில்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. தலைவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில், கண் நரம்புக்குப் பக்கத்தில் 18 மி.மீ. மெனிஞ்சியோமா கட்டி. ஒருவர் ஆபரேஷன் என்கிறார், ஒருவர் காமா நைஃப் என்கிறார், இன்னொருவர் ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார். யாரை நம்புவது? செல்போன்தான் காரணமா? முடியும் கொட்டுகிறது. நெட்டில் பார்த்து மூன்று வாரமாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறேன்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பணத்துக்காகக் கத்தியைத் தூக்குகிறார்களோ என்பதுதானே உங்கள் பயம்? மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

மெனிஞ்சியோமா மூளையைப் போர்த்திய உறையில் முளைப்பது. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் வளரும், சிலது வளராமலே கிடக்கும். அதனால்தான் ஒருவர் பொறுக்கச் சொன்னார். உறையோடு முழுசாக எடுத்தால் திரும்ப வருவது குறைவு என்று டொனால்ட் சிம்சன் என்ற சர்ஜன் 1957இலேயே தரம் பிரித்துக் காட்டினார். ஆனால் கண் நரம்பை ஒட்டிய இடத்தில் முழுசாகச் சுரண்டப் போய்ப் பார்வை போனால்? அதற்குப் பயந்து கொஞ்சம் விட்டுவைக்கும் சர்ஜன்களும் உண்டு. காமா நைஃப் என்பது கத்தி இல்லை, கதிர். கட்டிக்கும் நரம்புக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். அம்மாவுக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். பதில் மி.மீ. கணக்கில் வர வேண்டும்.

செல்போனை விடுங்கள். முடிக்குத் தைராய்டும் ரத்தசோகையும் பாருங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பார்வை. சுவரில் தினசரி காலண்டர் இருக்குமே, ஞாயிற்றுக்கிழமைத் தாளின் சிவப்பு எண்ணை அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கட்டும், அப்புறம் மறு கண்ணால். ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமாகத் தெரிந்தாலோ, எண்ணின் ஒரு பக்கம் காணாமல் போனாலோ, ஆறு மாதக் கணக்கெல்லாம் இல்லை. மறுநாளே சர்ஜனிடம் போங்கள்.

டெக்ஸாமெத்தசோன் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். சர்க்கரையை ஏற்றும், வீக்கத்தை அமுக்கி நிலைமையை மறைக்கும். மூன்று வாரம் ஆனதால் டக்கென்று நிறுத்துவதும் ஆபத்து. இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி குறையுங்கள்.

சரி, நீங்கள் அனுப்பிய காகிதக் கட்டில் ஸ்கேன் படம் மூன்று, ரத்தப் பரிசோதனை ஐந்து. பார்வை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று கண் டாக்டர் எடுக்கும் ஃபீல்ட் டெஸ்ட் மட்டும் இல்லை. இந்த வாரமே எடுத்துக்கொண்டு மூவரிடமும் மறுபடி போங்கள். பதில்கள் மூன்றிலிருந்து இரண்டாகவாவது குறையும்.